ஆள்வோருக்காக மன்றாடுவோம்: சவேரியார் காட்டிய வழி



ஞாயிறு திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டில், "எங்கள் நாட்டை ஆள்வோருக்காக" என்று வாசிக்கக் கேட்கும்போது நம்மில் சிலருக்கு மனம் ஒட்டுவதில்லை. "நாம் ஓட்டுப் போடாதவருக்காக, நமக்குத் துன்பம் செய்தவருக்காக எப்படிச் செபிப்பது?" என்று கேட்கிறோம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்களை இழந்த மாவட்டம் நமது. எனவே இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

புனித பவுல் வாழ்ந்த காலத்தில் உரோமையை ஆண்டவன் நீரோ. ஆயினும் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில், அரசர்களுக்காகவும் உயர்நிலையில் உள்ள எல்லாருக்காகவும் மன்றாடவேண்டும் என்று காண்கிறோம். மக்கள் அமைதியாக வாழ வேண்டும் என்பதே அதற்குக் காரணம். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையிலிருந்து புனித கிளமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய திருமுகத்திலும் ஆள்வோருக்கான மன்றாட்டு உண்டு. கிறிஸ்தவர்கள் வேதனைகளை அனுபவித்திருந்த காலம் அது. காலப்போக்கில் வழக்கொழிந்துபோன விசுவாசிகள் மன்றாட்டை 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் திருப்பலியில் சேர்த்தது. அப்போதும் ஆள்வோரை மறக்கவில்லை.

சரி, கெட்ட அதிகாரிக்காகச் செபிப்பது என்றால் அவர் செய்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? இதற்குப் பதில் நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

நம் ஆத்தூரைத் தொட்டு ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. 1544-இல் அந்த முத்துக்குளித்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். தூத்துக்குடியில் போர்த்துக்கல் அரசின் கப்பித்தானாக இருந்தவர் கொஸ்மே தெ பாய்வா. மக்களைக் காக்க வேண்டிய அவர் அவர்களையே சுரண்டினார். அவர்மேல் சவேரியாருக்குக் கடும் வருத்தம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. கப்பித்தானின் கப்பல் எரிந்தது. அவர் தீவுகளுக்கு ஓடி ஒளிந்தார். ஆலந்தலையில் செய்தி கேட்ட சவேரியார் மகிழ்ந்தாரா? "அவனுக்கு நன்றாக வேண்டும்" என்றாரா? இல்லை. தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அன்றே எழுதினார்: இறைவனின் அன்பை முன்னிட்டு உடனே போங்கள், படகுகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு உதவுங்கள் என்பதே கடிதத்தின் சாரம்.

கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அந்தக் கப்பித்தான் தன் மனச்சாட்சியின் பாரத்தை இறக்கிவைக்க உதவும்படி மன்சிலாசைக் கேட்டார். அவர் செய்த கொள்ளைகளையும், அவருடைய பேராசையால் நேர்ந்த சாவுகளையும் ஒளிக்காமல் எழுதினார். அரசருக்கும் ஆளுநருக்கும் தெரிவிக்கப்போவதாகவும் சொல்லியனுப்பினார்.

கவனியுங்கள், சகோதர சகோதரிகளே. தாகத்துக்குத் தண்ணீர் அனுப்பியவரும் அவரே. குற்றத்தை மேலிடத்தில் சொல்லத் துணிந்தவரும் அவரே. அந்த மனிதனின் ஆன்மா கெட்டுப்போகக் கூடாது என்ற ஒரே அக்கறைதான் இரண்டுக்கும் வேர்.

அரசரிடமும் அவர் இதையே எதிர்பார்த்தார். 1548 ஜனவரியில் சிமோன் ரொட்ரிகசுக்கு எழுதும்போது, உலகமெல்லாம் ஆதாயமாக்கினாலும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்ற ஆண்டவரின் கேள்வியை உணரும் அருளுக்காக மூன்றாம் யோவான் அரசர் தினமும் கால்மணி நேரம் செபிக்க வேண்டும் என்று விரும்பினார்.

ஆகவே, ஆள்வோருக்காகச் செபிப்பது முகத்துதி அல்ல. நம் உரிமையைக் கேட்காமல் வாய்மூடி இருப்பதும் அல்ல. மனு எழுதும் கையும் செபமாலை பிடிக்கும் கையும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவருக்காக உண்மையாய்ச் செபிக்கிறவர் அவரை வெறுக்க முடியாது. அவர் செய்யும் அநீதியைக் கண்டும் காணாமல் இருக்கவும் முடியாது.

இந்த வாரம் நம் வீட்டுச் செபத்தில், நம் ஊராட்சித் தலைவர் முதல் பிரதமர் வரை, குறிப்பாக நமக்குப் பிடிக்காத ஒருவரின் பெயரைச் சொல்லி, ஒரு அருள்நிறைந்த மரியே சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்கு ஞானமும் நமக்குத் துணிவும் தரும்படி இறைவனை மன்றாடுவோம். ஆமென்.