மேலதிக நேரமும் மறுக்கப்பட்ட கூலியும்
ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஊழியர் உரிமை வரலாறு: ஒரு நோக்கு

எட்டு மணி நேர வேலை என்னும் கோரிக்கை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் ஓங்கி ஒலித்த காலத்தில், நோயாளியின் கட்டிலருகே உழைத்தோரைப் பற்றிச் சிந்தித்தவர் மிகச் சிலரே. அவர்தம் பணி தொண்டு எனப் போற்றப்பட்டது. தொண்டுக்கு நேரக் கணக்கு ஏது என்ற எண்ணம் அப்போற்றுதலுக்குள் மறைந்திருந்தது. அவ்வெண்ணம் சட்டத்திலும் எவ்வாறு ஊடுருவியது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1938 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி ஜனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற் நியாயமான தொழில் நியமங்கள் சட்டத்திற் கையொப்பமிட்டார். குறைந்தபட்சச் சம்பளத்தை வரையறுத்த இச்சட்டம், வாரத்துக்குரிய எல்லையைக் கடந்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி வழங்குமாறு விதித்தது. தொடக்கத்தில் 44 மணியாக இருந்த அவ்வெல்லை 1940 இல் 40 மணியாயிற்று. ஆயினும், விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் இதன் பாதுகாப்பைப் பெறவில்லை. தென் மாநிலக் கறுப்பின மக்களுட் பெருந்தொகையினர் இவ்விரு தொழில்களையே நம்பி வாழ்ந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வைத்தியசாலைகளையும் முதியோர் பராமரிப்பு இல்லங்களையும் இச்சட்டத்தின் கீழ்ப் பரவலாகக் கொணர்ந்தது 1966 ஆம் ஆண்டுத் திருத்தமாகும். இரவு பகலாக இயங்கும் வைத்தியசாலைகளுக்கென ஒரு தனி முறையும் அதில் இடம்பெற்றது. ஊழியர் முன்கூட்டியே உடன்படின், 14 நாட்களில் 80 மணிக்கோ, ஒரு நாளில் 8 மணிக்கோ மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கூலி வழங்கலாம் என்பதே அம்முறை. கட்டளையிடப்படாத வேலையாயினும், அது நடைபெறுவதை நிருவாகம் அறிந்தும் தடுக்காதுவிடின் அதுவும் வேலையே என்பது இச்சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. எனவே, முறைநேரம் முடிந்த பின்னரும் தங்கி நோயாளர் குறிப்பெழுதும் தாதியின் நேரமும், உணவு வேளையில் நோயாளியின் அழைப்புக்கு எழுந்தோடும் உதவியாளரின் நேரமும் கூலிக்குரியனவாகும்.

எனினும், அதே பராமரிப்பு நோயாளியின் வீட்டில் நிகழ்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1974 இல் வீட்டுப் பணியாளர் பலரைச் சட்டத்தினுட் சேர்த்த காங்கிரஸ், முதியோருக்கும் நோயுற்றோருக்கும் துணையிருப்போரை விலக்கி வைத்தது. முகவர் நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோருக்கும் இவ்விலக்கு பொருந்துமெனத் தொழில் திணைக்களம் 1975 இல் விதி செய்தது.

இவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் ஈவ்லின் கோக் என்னும் பெண்மணி. யமேக்காவிலிருந்து குடிபெயர்ந்து, நியூயோர்க்கில் நெடுங்காலம் முதியோரைப் பராமரித்தவர். சில வேளைகளில் 24 மணி நேரமும் பணியில் நின்றவர். 2007 ஜூனில் உயர் நீதிமன்றம் அவரது வழக்கை ஏகமனதாகத் தள்ளியது. இத்தகைய நுணுக்கங்களை வகுக்கும் பொறுப்பைக் காங்கிரஸ் திணைக்களத்திடமே விட்டுள்ளது என்பது நீதியரசர் பிறேயர் எழுதிய தீர்ப்பின் சாரம். 2009 இல் கோக் காலமானார்.

அத்தீர்ப்பின்படி, வகுக்கும் அதிகாரம் திணைக்களத்துக்குரியதெனில் மாற்றும் அதிகாரமும் அதற்குரியதே. 2013 இல் திணைக்களம் விதியைத் திருத்தியது. ஏறத்தாழ 20 இலட்சம் வீட்டுப் பராமரிப்பு ஊழியரைக் கருத்திற்கொண்ட அத்திருத்தம், 2015 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் நிலைநிறுத்தப்பட்டது. ஆயின், 2025 ஜூலையில் அதே திணைக்களம் 1975 ஆம் ஆண்டு விதிக்கு மீள முன்மொழிந்தது.

வைத்தியசாலை ஊழியரின் உரிமையைக் காங்கிரஸ் சட்டமாகவே எழுதியது. வீட்டுப் பராமரிப்பாளரின் உரிமையோ திணைக்கள விதியொன்றிற் தங்கி நின்றது. விதியால் வந்த உரிமையை மற்றொரு விதி பறித்துவிடலாம். நோயாளியைத் தூக்கி அமர்த்தும் கைகளின் உழைப்பு வைத்தியசாலையிலும் வீட்டிலும் ஒன்றே. அவ்வொருமையைச் சட்டமே ஏற்கும்வரை கோக் தொடுத்த வழக்கு முடிவுற்றதாகக் கொள்ளுதல் இயலாது.