பட்டியலின் முதல் வரி

விடுதி நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடினால் முதலில் கமிஷனைத்தான் திட்டுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து, இருபது, சில ஒப்பந்தங்களில் அதற்கும் மேலே என்று இணைய முன்பதிவுத் தளங்கள் பிடித்துக்கொள்வது அவர்களுக்குப் பகல் கொள்ளையாகப் படுகிறது. ஆனால் இந்தத் தொழிலின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையைப் பார்த்தால், அறைக்குத் தரகு கொடுப்பது புதிதே அல்ல. எந்த விடுதி பயணியின் கண்ணில் முதலில் பட வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தரகரின் கைக்குப் போனதுதான் புதிது. சட்டம் நெடுங்காலம் விலையையும் கமிஷனையும் துருவிக்கொண்டிருந்தது. வரிசைதான் உண்மையான அதிகாரம் என்பது அதற்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

1841இல் லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் ஆட்களைக் கூட்டிப்போனவர் தாமஸ் குக். 1860களின் கடைசியில் அவர் விடுதிக் கூப்பன்களை விற்கத் தொடங்கினார். பயணி இங்கிலாந்திலேயே பணத்தைக் கட்டிக் கூப்பன்களை வாங்கிக்கொள்வார். ஐரோப்பாவில் குக்கோடு உடன்பாடு வைத்திருந்த விடுதியில் அதைக் கொடுத்தால் அறையும் சாப்பாடும் கிடைக்கும். விடுதிக்காரர் அந்தச் சீட்டை அனுப்பிப் பணம் பெறுவார். பணம் முதலில் தரகர் கையில், விடுதிக்குப் பிறகு என்ற இன்றைய ஏற்பாட்டின் வேர் இதுதான். அதன் ஆபத்தும் கூடவே வளர்ந்தது: 2019 செப்டம்பர் 23 அன்று குக்கின் பெயரைத் தாங்கிய நிறுவனம் விழுந்தபோது, கோடை முழுக்க அதன் ஆட்களைத் தங்கவைத்திருந்த மத்தியதரைக் கடலோர விடுதிகள் பாக்கிப் பணத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஆனால் பழைய குக்கிடம் ஓர் அதிகாரம் இல்லை. அவருடைய பட்டியல் அச்சுப் பட்டியல். அச்சேறிய பிறகு எல்லோர் கையிலும் இருப்பது ஒன்றே. இவருக்கு இந்த விடுதியை மேலே காட்டு, அவருக்கு அதைக் கீழே தள்ளு என்று நாளுக்கு நாள் மாற்ற அதில் வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது விமானத் தொழில். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற முன்பதிவுக் கணினி 1960களின் நடுவில் முழு அளவில் ஓடத் தொடங்கியது. 1976 முதல் அதன் திரைகளைப் பயண முகவர்களின் மேசைகளில் வைத்தார்கள். ஓர் ஊருக்கு விமானம் கேட்டால் திரையில் வரிசையாக வரும். வேலை நெருக்கடியில் இருக்கும் முகவர் பெரும்பாலும் முதல் திரையிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். கணினிக்குச் சொந்தக்காரரான நிறுவனம் தன் விமானங்களை மேலே வைத்ததில் வியப்பில்லை. போட்டி நிறுவனங்கள் முறையிட்டன. அமெரிக்காவின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு 1984இல் அத்தகைய பாரபட்ச வரிசையைத் தடை செய்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஆண்டுதான். டிக்கெட் விலை எவ்வளவு என்பதைவிட, எந்த டிக்கெட் முதலில் தெரிகிறது என்பதே சந்தையை ஆள்கிறது என்று ஓர் அரசு அமைப்பு அன்றே கண்டுகொண்டது. ஆனால் அந்தப் பாடம் விமானத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் அந்த விதிகளும் 2004இல் காலாவதியாயின. விடுதித் தளங்கள் தலையெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

விடுதிகளுக்கும் கணினி பழக்கமானதுதான். ஹாலிடே இன் 1965இலேயே ஹாலிடெக்ஸ் என்ற சொந்த முன்பதிவு வலையை நிறுவியிருந்தது. பெரிய சங்கிலிகள் தங்கள் அறைகளைத் தாங்களே விற்கக் கற்றிருந்தும் அந்த விற்பனை பிறர் கைக்கு ஏன் போனது? விடை தொழில்நுட்பத்தில் இல்லை. விற்காத அறை மாலையில் வாடிப்போகும் மல்லிகைச் சரம் மாதிரி. இன்றிரவு ஆளில்லாமல் கிடந்தால் நாளைக்கு அதை எடுத்து விற்க முடியாது. 1991இல் டல்லஸில் தொடங்கிய ஹோட்டல் ரிசர்வேஷன்ஸ் நெட்வொர்க் இந்தப் பலவீனத்தில்தான் தொழில் நடத்தியது. விடுதியிடம் அடிமட்ட விலைக்கு அறைகளைப் பேசி வாங்கி, தன் விலையை ஏற்றித் தொலைபேசியில் விற்றது. 2002இல் அது ஹோட்டல்ஸ்.காம் ஆனது. மைக்ரோசாஃப்ட் 1996இல் தொடங்கிய எக்ஸ்பீடியாவும் இதே முறைக்கு வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டார்கள். காலி அறைகளோடு தவித்த சங்கிலிகள் பெருந்தள்ளுபடியில் அவற்றைத் தளங்களிடம் அள்ளிக் கொடுத்தன. சந்தை மீண்டபோது பயணியின் விரல் அந்தத் தளங்களுக்குப் பழகிப்போயிருந்தது. 2004இல் இன்டர்கான்டினென்டல் குழுமம் எக்ஸ்பீடியாவை விட்டு வெளியேறிப் பார்த்தது. பெரிய பெயர் இருந்ததால் அதனால் முடிந்தது. முப்பது அறை வைத்திருப்பவர் அப்படி வெளியேறினால் யாருக்கும் தெரியக்கூட வராது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: அந்த முப்பது அறைக்காரரைக் கைதூக்கிவிட்டதே இந்தத் தளங்கள்தானே? உண்மைதான். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 1996இல் கெர்ட்-யான் புருயின்ஸ்மா தொடங்கிய புக்கிங்.காம், அறையை மொத்தமாக வாங்கவில்லை. விலையை விடுதியே வைத்துக்கொள்ளலாம், விருந்தினர் விடுதியிலேயே பணம் கட்டலாம், விற்றால் மட்டும் கமிஷன் என்றது. விளம்பரத்துக்குக் காசில்லாத ஐரோப்பியச் சிறு விடுதிகளுக்கு இது வரப்பிரசாதமாகவே இருந்தது. 2005இல் அமெரிக்கப் பயணத் தளமான பிரைஸ்லைன் அதை வாங்கியபோது கொடுத்த விலை 13.3 கோடி டாலர். 2018இல் தாய் நிறுவனமே தன் பெயரை புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. ஆக, தளங்கள் விடுதிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று வாதிடுவது வீண். ஆயிரம் விடுதிகளுக்கு உதவியது எதுவோ அதுவே நெருக்கடியையும் கொண்டுவந்தது. ஆயிரம் பேர் ஒரே பட்டியலில் நின்றால் ஒருவர் மேலேயும் ஒருவர் ஐந்தாம் பக்கத்திலும்தான் இருக்க முடியும்.

ஒழுங்குமுறை அமைப்புகள் முதலில் பிடித்தது விலைச் சமநிலை நிபந்தனையை: வேறெங்கும், சில ஒப்பந்தங்களின்படி விடுதியின் சொந்த இணையதளத்தில்கூட, இதைவிட மலிவாக அறை விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. ஒரே அறைக்கு எல்லா இடத்திலும் ஒரே விலை என்ற முழக்கத்தை 2000களின் தொடக்கத்தில் எழுப்பியவை பெரிய சங்கிலிகளே என்பது இதில் ஒரு வேடிக்கை. தள்ளுபடித் தளங்களிடம் இழந்த பிடியை மீட்க அவர்கள் செய்த கத்தி, பிறகு எதிராளியின் கைக்குப் போனது. ஜெர்மனியின் கூட்டாட்சிப் போட்டி அலுவலகம் 2013இல் எச்ஆர்எஸ் தளத்துக்கும் 2015இல் புக்கிங்குக்கும் இந்த நிபந்தனையைத் தடை செய்தது. பிரான்ஸ் 2015இல் சட்டமே இயற்றியது. ஆஸ்திரியா, இத்தாலி, பெல்ஜியம் பின்தொடர்ந்தன. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அத்தகைய நிபந்தனை இல்லாமல் தளம் நடக்காது என்ற வாதத்தை ஏற்க மறுத்தது.

முதல் தடைகள் வந்ததுமே விடுதிகள் தங்கள் தளத்தில் விலையைத் தாராளமாகக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பியப் போட்டி ஆணையங்கள் கூடி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான விடுதிகள் தளத்துக்குத் தளம் விலையை மாற்றவே இல்லை என்று தெரிந்தது. நிபந்தனையைக் கிழித்தும் அதன் வேலை நடந்துகொண்டிருந்தது. வரிசைக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். பட்டியலில் ஒரு விடுதியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் முன்பதிவு செய்தார்கள் என்பது அதன் இடத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் ஒன்று. விடுதி தன் சொந்தத் தளத்தில் நூறு ரூபாய் குறைத்தால், விருந்தினர் இங்கே பார்த்துவிட்டு அங்கே போய் வாங்குவார். இங்கே விகிதம் விழும். பட்டியலில் இடம் இறங்கும். கூடுதல் கமிஷன் கொடுத்தால் இடம் ஏறும் திட்டங்களும் உண்டு. கையெழுத்திட்ட நிபந்தனை செய்ததை இந்தக் கணக்கு சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

வரிசை இல்லாத பட்டியல் உலகில் ஏது, யாரோ ஒருவர் முதலில் வரத்தானே வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் எந்த அளவுகோலில் முதலில் வருகிறார், அது பார்ப்பவருக்குச் சொல்லப்படுகிறதா என்பதே கேள்வி. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் டிரிவாகோ, மலிவான அறையைக் கண்டுபிடித்துத் தருவதாக ஆஸ்திரேலியாவில் விளம்பரம் செய்தது. நீதிமன்றத்தில் வெளிவந்த சான்றின்படி, 66.8 சதவீதப் பட்டியல்களில் முதலிடத்தில் நின்றது மிக மலிவான விலை அல்ல. சொடுக்குக்குக் கூடுதல் காசு கொடுத்தவருக்கு வரிசையில் சலுகை இருந்தது. 2020இல் குற்றம் உறுதியாகி, 2022இல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. இன்னொரு தரப்பு வாதம், தளத்தில் பெயர் தெரிந்தாலே நேரடி முன்பதிவும் கூடும் என்பது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009இல் சில விடுதிகளை எக்ஸ்பீடியாவில் மாற்றி மாற்றிக் காட்டியும் மறைத்தும் பார்த்தது. காட்டியபோது பிற வழி முன்பதிவுகள் 7.5 முதல் 26 சதவீதம் வரை உயர்ந்தன. இது தளத்துக்குச் சாதகமான சான்று என்று எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு இது எதிர்த்திசையில் பேசுவதாகவே தோன்றுகிறது. தெரிவதற்கு இவ்வளவு பலன் என்றால், மறைப்பதற்கு எவ்வளவு பலம்!

அந்தப் பலத்தை இந்தியா பார்த்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் இந்தியர்களுக்கு விமான டிக்கெட் விற்க 2000இல் தொடங்கிய மேக்மைட்ரிப், 2005இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி 2002 முதல் ரயில் டிக்கெட் வழியாக இணையத்தில் பணம் கட்ட மக்களைப் பழக்கியிருந்தது அதற்குக் கைகொடுத்தது. 2017இல் போட்டித் தளமான கோஐபிபோவும் மேக்மைட்ரிப்போடு சேர்ந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அளித்த உத்தரவில் மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், விடுதிச் சங்கிலியான ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. செய்திகளில் பெரிதாக வந்தது விலைச் சமநிலை விஷயம். ஆனால் உத்தரவின் மறுபாதி முக்கியமானது: ஓயோவோடு செய்த உடன்பாட்டின் பேரில் ட்ரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் ஆகிய போட்டி நிறுவனங்களின் விடுதிகள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தன. வரிசையில் கடைசி இடத்துக்கும் அப்பால் தள்ளுவது அது. ஸ்பெயினின் போட்டி ஆணையம் 2024இல் புக்கிங்குக்கு 41.3 கோடி யூரோ அபராதம் விதித்தபோது வரிசையையே நேராகத் தொட்டது. தன் தளத்தில் எத்தனை முன்பதிவு நடந்தது என்பதை வைத்து விடுதிகளை மேலேற்றியது, போட்டித் தளங்களுக்கு விடுதிகள் போகாமல் தடுத்தது என்றது. புக்கிங் மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

வரிசை போடுகிறவர்களும் இன்னொரு வரிசையில் நிற்கிறார்கள். 2019இல் புக்கிங் ஹோல்டிங்ஸின் வருவாய் சுமார் 1,500 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 440 கோடியை அது இணைய விளம்பரங்களுக்குக் கொட்டியது, பெரும்பங்கு கூகுளுக்கு. விடுதிக்காரர் கொடுக்கும் கமிஷனில் ஒரு துண்டு, தளம் கூகுளில் முதலில் தெரிவதற்கான கமிஷனாகப் போகிறது. கூகுள் போன்ற பெருந்தளங்களின் இந்தப் பிடியைத் தளர்த்த ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தன் சொந்தச் சேவைக்கு கூகுள் முன்னுரிமை தரக் கூடாது என்றானதால், தேடல் பக்கத்தில் விடுதிகளின் சொந்தத் தளங்களுக்கு வழிகாட்டிய பகுதிகள் சுருங்கி, ஒப்பீட்டுத் தளங்களும் முன்பதிவுத் தளங்களும் மேலேறின. நேரடி முன்பதிவு குறைந்துவிட்டது என்று சில மாதங்களில் முறையிட்டவர்கள், எந்தச் சட்டத்தால் தங்களுக்கு விடிவு பிறக்கும் என்று காத்திருந்தார்களோ அதே விடுதிக்காரர்கள்தான்.