அறிவொளிக் காலமும் இனக் கோட்பாடும்

மனிதர் யாவரும் பகுத்தறிவுடையோர், ஆகையால் யாவரும் சமமானோர் என்ற கருத்தை நவீன உலகுக்கு அளித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிவொளி இயக்கமே என நாம் படித்து வந்துள்ளோம். அது உண்மையே. ஆயினும் அதே நூற்றாண்டில், அவ்வியக்கத்தின் முன்னணிச் சிந்தனையாளர் சிலரின் கைகளாலேயே, மனிதகுலம் தோலின் நிறத்தாலும் மண்டையோட்டின் வடிவத்தாலும் பல இனங்களாகப் பிரிக்கப்பட்டு அவற்றிடையே ஏற்றத்தாழ்வு கற்பிக்கப்பட்டது என்பதும் உண்மையே. 2020 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம், தனது கட்டடமொன்றுக்குச் சூட்டியிருந்த மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் பெயரை நீக்கியபோது இவ்விரண்டாவது உண்மை உலகெங்கும் பேசுபொருளானது. அவர்கள் தமது காலத்தின் பிள்ளைகள், இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கலாகாது என்று ஒரு சாரார் வாதிட்டனர். அந்த வாதம் எந்தளவுக்குச் செல்லுபடியாகும் என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

பின்னணி

பிறரை இழிவாக நோக்கும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் பழைமையானதே. ஆனால் இழிவு பரம்பரை பரம்பரையாக உடலிலே தங்கியிருப்பது, சமயத்தாலோ கல்வியாலோ அதனை மாற்றவியலாது என்ற எண்ணம் வேறானது. அதன் ஆரம்பகால வடிவமொன்றை ஸ்பெயினிற் காணலாம். 1449 இல் டொலேடோ நகரில் இயற்றப்பட்ட சட்டமொன்று, கிறிஸ்தவத்தைத் தழுவிய யூதரின் வழித்தோன்றல்களை நகரின் பதவிகளிலிருந்து விலக்கியது. 'இரத்தத் தூய்மை' என்னும் இக்கோட்பாடு பின்னர் மதம் மாறிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் மீதும் பாய்ந்தது. 1609 முதல் 1614 வரையான காலத்தில் அவர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றிருந்தும் அவர்களது இரத்தம் மன்னிக்கப்படவில்லை.

இரண்டாவது காரணி அத்திலாந்திக் அடிமை வாணிபமாகும். ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அவர்களிற் பாதியளவினர் ஏற்றப்பட்டது அறிவொளியின் நூற்றாண்டெனப் போற்றப்படும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆகும். மனிதர் யாவரும் இயல்பிலேயே சுதந்திரமானவர் என்று எழுதிய ஐரோப்பா, தனது சீனித் தோட்டங்களுக்கு விளக்கமளிக்க வேண்டியிருந்தது. ஒன்றில் அடிமைமுறை அநீதி என ஏற்கவேண்டும்; அன்றேல் அடிமைகள் முழு மனிதரல்லர் எனக் காட்டவேண்டும். இனக் கோட்பாடு இரண்டாவது வழியைத் திறந்துவிட்டது.

மூன்றாவது காரணி விஞ்ஞானம் சார்ந்தது. தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்திய இயற்கை ஆய்வாளர், பயணிகளின் குறிப்புகளைக் கொண்டு மனிதரையும் வகைப்படுத்த முற்பட்டனர்.

ஒரே மக்கள், நான்கு பெட்டிகள்

முகலாயப் பேரரசில் பல்லாண்டுகள் தங்கியிருந்த பிரான்ஸிய மருத்துவர் பிரான்சுவா பேர்னியே, 1684 இல் வெளியிட்ட கட்டுரையில் உலக மாந்தரைச் சில 'இனங்களாக'ப் பிரித்தார். இந்தியரை ஐரோப்பியருடன் ஒரே பிரிவில் வைத்த அவர், அவர்களது நிறம் வெயிலால் வந்ததென்றார்.

சுவீடனின் லின்னேயஸ் 1735 இல் ஐரோப்பியர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆசியர், ஆபிரிக்கர் என நான்கு வகைகளைக் கூறினார். 1758 ஆம் ஆண்டுப் பதிப்பில் குணங்களையும் சேர்த்தார். ஐரோப்பியர் கூர்மதியினர் என்றும், ஆசியர் அபிப்பிராயத்தாலும் ஆபிரிக்கர் மனம்போன போக்காலும் ஆளப்படுவோர் என்றும் அவர் எழுதினார். தாவரத்தின் இதழ்களை எண்ணிய அதே கை, எண்ணவியலாதவற்றையும் பட்டியலிட்டது.

பிரான்ஸின் பஃபோன் 1749 முதல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில், மனிதர் அனைவரும் ஒரே உயிரினமே. வேறுபாடுகள் காலநிலையாலும் உணவாலும் விளைந்தவை என்றார். காலநிலை விளக்கம் புதியதன்று. கறுப்பு நிறம் நூஹ் நபியின் புதல்வர் மீதான சாபத்தால் வந்ததென்ற கதையை மறுத்து, வெப்பமே காரணமென 14 ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் எழுதியிருந்தார். ஆனால் பஃபோன் வெள்ளை நிறத்தையே மூலமாகவும் ஏனையவற்றை அதன் சீர்குலைவாகவும் கொண்டார். இருப்பினும் சூழல் மாறினால் மனிதரும் மாறுவர் என்ற இடம் அவரது கொள்கையில் எஞ்சியிருந்தது.

அந்தக் கதவை மூடியவர் ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட். 1775 இல் தமது விரிவுரைகளுக்கான அறிவித்தலாக வெளியிட்ட கட்டுரையில், ஆதி மனிதரிடம் பலவகை வித்துகள் இருந்தன. காலநிலைக்கேற்ப ஒன்று முளைத்தபின் ஏனையவை அவிந்துபோயின என்றார். ஆகவே இனம் மீளமுடியாத பரம்பரைப் பண்பாயிற்று. வெள்ளையர், கறுப்பர், ஹூணர், இந்துஸ்தானியர் என்பன அவர் கண்ட நான்கு இனங்கள்.

1795 இல் புளூமென்பாக் என்னும் ஜேர்மனிய மருத்துவப் பேராசிரியர் மண்டையோடுகளை ஒப்பிட்டு ஐந்து வகைகளைக் கூறினார். கோக்கசஸ் பகுதியின் ஜோர்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டையோடே மிக அழகியதென அவர் கருதியமையால், 'கோக்கேசியர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அவ்வகையின் எல்லையை அவர் கங்கை வரை நீட்டினார்.

எமது வாசகர்கள் இங்கு ஒன்றை அவதானிக்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் பேர்னியேயிடம் ஐரோப்பியரின் உறவினர், லின்னேயஸிடம் ஆசியர், கான்டிடம் தனி இனம், புளூமென்பாக்கிடம் கோக்கேசியர். நூற்றுப்பதினொரு ஆண்டுகளில் அம்மக்களின் உடல் மாறவில்லை, கோடு கீறியவர்களே மாறினர். ஒரு வகை மற்றொன்றினுள் படிப்படியாகக் கலந்துவிடுவதால் எல்லைகள் தன்னிச்சையானவையே என்பதைப் புளூமென்பாக்கே ஒப்புக்கொண்டிருந்தார்.

மெய்யியலாளரின் பங்கு

அனுபவச் சான்றின்றி எதனையும் நம்பலாகாது எனப் போதித்தவர் ஹியூம். அவரே, தேசிய குணவியல்புகள் பற்றிய தமது கட்டுரைக்கு 1753 அளவிற் சேர்த்த அடிக்குறிப்பொன்றில், கறுப்பினத்தவரிடையே அறிவாற்றல் மிக்க எவரும் தோன்றியதில்லை என்றும் அவர்கள் இயல்பிலேயே வெள்ளையரிலும் தாழ்ந்தோர் என ஐயுறுவதாகவும் எழுதினார். ஜமேக்காவில் கற்றறிந்த கறுப்பர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்ட செய்தியைக் கிளிப்பேச்சுக்கு ஒப்பிட்டு ஒதுக்கினார். தேவாலயத்தின் கொடுமைகளைச் சாடிய வோல்டேயரோ, மனிதர் ஒரே மூலத்தினின்று வந்தவர் என்ற சமய நம்பிக்கையை மறுக்கும் முனைப்பில், இனங்கள் தனித்தனி மூலங்களைக் கொண்டவை என்றார்.

கான்ட் 1764 ஆம் ஆண்டு நூலில் ஹியூமின் கூற்றையே சான்றாக எடுத்தாண்டார். கறுப்பர் ஒருவர் சொன்ன கருத்தை, சொன்னவரின் நிறத்தையே ஆதாரமாக்கி மூடத்தனமெனத் தள்ளினார். மனிதரை எக்காலத்தும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்னும் அவரது புகழ்பெற்ற அறநூல் 1785 இல் வெளிவந்தது. இனம் என்ற எண்ணக்கருவை வரையறுக்கும் அவரது இரண்டாவது கட்டுரை வெளியானதும் அதே ஆண்டில்தான். 1795 இல் நிரந்தர சமாதானம் பற்றிய நூலில் ஐரோப்பியரின் குடியேற்றக் கொடுமைகளையும் சீனித் தீவுகளின் அடிமைமுறையையும் அவர் கண்டித்தார். இது அவரது மனமாற்றமா என்பதில் ஆய்வாளர் இன்றும் முரண்படுகின்றனர்.

அன்றே எழுந்த மறுப்புகள்

காலத்தின் பிள்ளைகள் என்ற வாதத்துக்கு அக்காலமே விடையளிக்கின்றது. ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் பீற்றி 1770 இல் ஹியூமை நேரடியாகவே மறுத்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியரும் அநாகரிகர் எனப்பட்டவரே. கல்வியும் சுதந்திரமும் மறுக்கப்பட்ட அடிமையிடம் அறிவின் வெளிப்பாட்டைத் தேடுவது முறையாகாது என்பது அவரது வாதம். ஹியூம் தமது அடிக்குறிப்பைத் திருத்தினார், மீளப்பெறவில்லை. கான்டின் முன்னாள் மாணவரான ஹேர்டர், 1784 முதல் வெளியிட்ட நூலில் இனம் என்ற சொல்லே தேவையற்றதென்றார். கப்டன் குக்குடன் உலகைச் சுற்றிவந்த ஜோர்ஜ் போஸ்டர், கொனிக்ஸ்பேர்க் பிரதேசத்தைத் தாண்டிச் சென்றிராத கான்டின் கோட்பாட்டை 1786 இல் விமர்சித்தார். பிரான்ஸில் கொண்டோர்சே 1781 இல் அடிமைமுறையைக் குற்றமெனச் சாடினார்.

யாரைப் பற்றி இவை எழுதப்பட்டனவோ அவர்களும் மௌனமாக இருக்கவில்லை. இன்றைய கானாவின் கரையோரத்திற் பிறந்து, சிறுவயதில் ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அன்டன் வில்ஹெல்ம் அமோ, 1729 இல் ஐரோப்பாவில் கறுப்பரின் சட்ட உரிமை பற்றி ஹாலே பல்கலைக்கழகத்தில் வாதிட்டார். 1734 இல் விட்டன்பேர்க்கில் மெய்யியல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பின்னர் பல்கலைக்கழக ஆசிரியராகவும் பணிபுரிந்தார். ஆற்றல்மிக்க கறுப்பர் எவருமில்லை என ஹியூம் எழுதியது இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னராகும். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற குகோவானோ 1787 இலும் எக்குவியானோ 1789 இலும் இலண்டனில் தமது நூல்களை வெளியிட்டனர். 1791 இல் ஹெயிட்டியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804 இல் சுதந்திர நாட்டை அமைத்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவத்தை அதன் சொற்படியே எடுத்துக்கொண்டவர்கள் அவர்களே. 1794 இல் பிரான்ஸ் ஒழித்த அடிமைமுறையை 1802 இல் நெப்போலியன் மீளக் கொணர்ந்தமையும் இங்கு நோக்கத்தக்கது.

எனவே, அக்காலத்தில் அறியப்படாத உண்மையொன்றை அறியாதிருந்தமைக்காக எவரும் இங்கு குற்றஞ்சாட்டப்படவில்லை. கண்முன்னே வைக்கப்பட்ட சான்றையும் மறுப்பையும், தமது சொந்த ஆய்வு முறைக்கே மாறாகப் புறந்தள்ளினர் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டாகும்.

எம்மை வந்தடைந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கோட்பாடுகள் குடியேற்ற ஆட்சியின் ஆயுதங்களாயின. ஜேர்மனிய மருத்துவ அறிஞர் விர்ச்சோவ் 1881 இல் இலங்கை வேடரின் மண்டையோடுகளைப் பற்றி எழுதினார். ஆரியம், திராவிடம் என்ற மொழிக்குடும்பப் பெயர்கள் இரத்தத்தின் பெயர்களாகத் திரிந்தன. மொழியை வைத்து இனத்தை அளப்பது மண்டையோட்டை வைத்து அகராதியை அளப்பதற்கு ஒப்பானதென மக்ஸ் முல்லரே 1888 இல் எச்சரித்தும் பயன் விளையவில்லை.

1833 இல் உருவான இலங்கைச் சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனவாரியாக ஒதுக்கப்பட்டன. ஆசனம் வேண்டுவோர் முதலில் தனி இனமென நிறுவ வேண்டிய நிலை அதனால் உருவாயிற்று. சோனகர் இனத்தால் தமிழரே என 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டதும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதனை விரிவாக மறுத்ததும் இப்பின்னணியிலேயே ஆகும். ஒரு சமூகம் தன்னை யாரெனக் கொள்கிறது என்ற கேள்வி, இனவியலின் அளவுகோலாற் தீர்க்கவேண்டிய வழக்காக மாற்றப்பட்டது. அதன் கசப்பை இரு சமூகங்களும் நன்கறியும்.

ஹெயிட்டியின் அந்தேனோர் பிர்மின் 1885 இலேயே மனித இனங்களின் சமத்துவம் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். 1950 இல் யுனெஸ்கோ இனம் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. மனிதரின் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே காணப்படுவதாக ரிச்சர்ட் லெவொன்டின் 1972 இல் காட்டினார். அறிவொளிக் காலத்தின் வகைப்பாடுகள் விஞ்ஞானத்தில் தமது தகுதியை இழந்துவிட்டன. அரசியலில் அவை இன்னும் இழக்கவில்லை.

ஹியூமையும் கான்டையும் படிக்காதுவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. அவர்கள் கற்பித்த ஐயத்தையும் சமத்துவத்தையும் அவர்களது வகைப்பாடுகள் மீதே பிரயோகிப்பதுதான் முறையாகும். இனம், இரத்தம், பூர்வீகம் என்ற சொற்களால் யாரேனும் ஒரு மக்கள் கூட்டத்தின் தகுதியை நிர்ணயிக்க முற்படும்போது, இந்தக் கோட்டைக் கீறியவர் யார், எக்காலத்தில், எத்தேவைக்காக என்ற கேள்விகளை நாம் எழுப்ப வேண்டும். அக்கேள்விகளைப் பிறர் கீறிய கோடுகளிடம் மட்டுமன்றி, நாம் கீறும் கோடுகளிடமும் கேட்பதே நேர்மையாகும்.