பட்டியலுக்கு வெளியே முத்துலட்சுமி ரெட்டி: பெண்ணுரிமை வரலாற்றைச் சிறாருக்குச் சொல்லும் முறை

பெண்ணுரிமைக்குப் போராடியவர்களைச் சிறார் முதலில் சந்திப்பது பெரும்பாலும் பொது அறிவு வினா-விடையில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) அங்கே ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’, ‘முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்’ என்று இரண்டு வரியில் முடிந்துபோகிறார். அதில் முதல் வரி பிழை. ஆனந்திபாய் ஜோஷி ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற 1886இல்தான் முத்துலட்சுமி பிறந்தார். பிழையைத் திருத்தினாலும் பெரிய குறை ஒன்று மிஞ்சுகிறது. ஒரு விதி இருந்தது, அதனால் சிலர் பலனடைந்தனர், அதை மாற்ற ஒருவர் முனைந்தார், பலர் எதிர்த்தனர் என்ற தொடர்ச்சி பட்டியலில் கிடையாது. அந்தத் தொடர்ச்சி இல்லாமல் உரிமைப் போராட்டம் எதுவும் பிள்ளைகளுக்கு விளங்காது.

தொடக்கப் பள்ளிப் பருவத்துக்கு முத்துலட்சுமி படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் கதையே போதுமானது. ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு மாணவர்களின் பெற்றோர் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். வகுப்பில் மாணவர்களுக்கும் முத்துலட்சுமிக்கும் இடையே திரை போடப்பட்டது. அந்தத் திரை யாருக்காக என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் பதில் தேடும். ஆனால் எதிர்ப்புக்குப் பெண் என்பது மட்டும் காரணமல்ல. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். சிறார் நூல்கள் பலவும் கூச்சத்தோடு விட்டுவிடும் செய்தி இது. அதை விட்டால் பிற்காலத்தில் அவர் எடுத்த போராட்டத்தின் வேர் தெரியாது.

சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை வந்தது. சட்டமன்றத்தில் உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டே சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி 1927இல் அதன் துணைத் தலைவரானார். இளமை மணத் தடைக்காகவும் அவர் குரல் கொடுத்தார். 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைக் குறைந்தது 14 என்று வைத்தது. ஏழாம் வகுப்பு மாணவி அந்த எண்ணைத் தன் வயதோடு ஒப்பிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சிறுமியரைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. நிலத்திலிருந்து தொடங்கினால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும். கோயில் பணிக்கு ஈடாகச் சில குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி நின்றால் நிலம் போகும். ஆகவே ஒரு பெண்பிள்ளையைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மண வாழ்க்கை இல்லை. அவளிடம் சம்மதம் கேட்பாரும் இல்லை. 1929இல் முத்துலட்சுமியின் முயற்சியால் அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் நிலத்தைப் பணியிலிருந்து விடுவித்தது. மகளைப் பொட்டுக்கட்டாமலே குடும்பம் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானது. வழக்கத்தைக் கண்டிப்பதோடு நில்லாமல் அதைத் தாங்கி நின்ற பொருளாதார முடிச்சையே அவிழ்த்த நுட்பம் இது. அவரது வாழ்வில் சிறாருக்குக் கற்பிக்கத் தக்கது இதைவிட வேறில்லை எனலாம்.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் அவர் கொண்டுவந்தார். காந்தியின் கைதைக் கண்டித்து அதே ஆண்டில் பதவி விலகினார். சட்டம் நிறைவேறியது 1947இல். இடைப்பட்ட 17 ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகும் பாடநூல், நல்ல யோசனை உடனே சட்டமாகிவிடும் என்ற தவறான நம்பிக்கையைத்தான் தருகிறது.

எதிர்த்தவர்களையும் முகமில்லாமல் விடக்கூடாது. சென்னைத் தேவதாசிகள் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தனர். பெங்களூரு நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பின் முக்கியக் குரல். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் இழந்துவிடுவோம் என்பது அவர்களது அச்சம். இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் நினைவாலயத்தைத் தம் செல்வத்தால் எழுப்பியவர். அங்கே பெண்கள் பாட இடமில்லாதிருந்தபோது பெண்களைத் திரட்டிப் பாடவைத்தவர். முத்துலட்சுமி, நாகரத்தினம்மாள் இருவருமே பெண்களின் உரிமைக்காக நின்றவர்கள்; ஒரு சட்டத்தில் எதிரெதிரே நின்றனர். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல விவாதப் பொருள் அமையாது. நாயகி, வில்லி என்று பிரித்து எழுதும் சிறார் நூல் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

தேவதாசி முறை ஒழிப்பைத் தனி ஒருவரின் சாதனையாகவும் சொல்லக்கூடாது. தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து, அந்த முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). சுயமரியாதை இயக்கத்தில் பணியாற்றிய அவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலையும் எழுதினார். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி வைத்த வாதத்தைத் தெருமுனைக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முதன்மையானவர். தமிழக அரசின் உயர்கல்வி உறுதித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ‘புதுமைப் பெண்’ என்ற வழக்குப் பெயரோ அவரை மறைத்துவிட்டது. மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவிகளுக்கு அவர் யார் என்பதைப் பள்ளிப் பாடமே சொல்லியிருக்க வேண்டும்.