தகட்டில் 160, கண்ணில் எவ்வளவு?: லாசிக் மடலின் தடிமனை அளந்த வரலாறு

மனிதக் கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் கொண்டது. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். லாசிக் சிகிச்சையில் அதன் மேலடுக்கை மெல்லிய மடலாக அறுத்துத் திருப்பி, அடியிலுள்ள படுகையை லேசரால் செதுக்கிவிட்டு மடலை மூடிவிடுகிறார்கள். அந்த மடல் எவ்வளவு தடிமன் என்று கேட்டால், தொடக்க காலத்தில் பெரும்பாலும் கிடைத்த பதில் கருவியின் தகட்டில் பொறித்திருந்த எண்தான்.

கருவிழியைச் சீவித் திருத்தலாம் என்ற யோசனையை 1949இல் முன்வைத்தவர் கொலம்பியாவின் பொகோட்டாவில் பணியாற்றிய ஹோசே இக்னாசியோ பராக்கர். அவர் உருவாக்கிய மைக்ரோகெரட்டோம், தச்சரின் இழைப்புளிபோல் வேலை செய்தது. சீவிய வில்லையை உறையவைத்துக் கடைந்து, மறுபடி கண்ணில் தைத்தார். கடைசலின் இடத்தை எக்சைமர் லேசர் பிடித்ததில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனுக்குப் பெரும் பங்குண்டு. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அவரும் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் 1983இல் கருவிழியில் அதன் பயனைக் காட்டினார்கள். மடலும் லேசரும் ஒன்றுசேர்ந்த முறைக்கு 1990இல் லாசிக் என்று பெயரிட்டவர் கிரீட் தீவின் இயோனிஸ் பல்லிகாரிஸ்.

தகட்டில் 160 என்றோ 180 என்றோ இருக்கும். அறுபட்ட மடலோ அதிலிருந்து 20, 30 மைக்ரான் கூடவோ குறையவோ அமையும். தடித்த கருவிழியில் தடித்த மடல் விழுந்தது. ஒரே பிளேடால் இரு கண்களையும் அறுத்தால், இரண்டாவது கண்ணின் மடல் பெரும்பாலும் மெலிந்திருந்தது.

இந்த வித்தியாசம் எங்கே கொண்டுபோய்விடும் என்பது 1998இல் தெரிந்தது. கடுமையான கிட்டப்பார்வைக்கு லாசிக் செய்துகொண்ட சிலரின் கருவிழி மெலிந்து முன்பக்கம் பிதுங்கியதை ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலரும் சகாக்களும் பதிவுசெய்தார்கள். மடலுக்கு அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்ற விதி பரவியது. கறாரான எல்லை என்பதைவிட அதை ஒரு வழக்கம் என்பதே பொருத்தம். அதற்கு மேல் மிஞ்சிய கண்களும் பிதுங்கியதுண்டு. கணக்கு எளியது. 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 10 பவருக்கு 120. மடல் 160 என்றால் 540இல் 260 மிஞ்சும். அதே மடல் உண்மையில் 200ஆக இருந்தால் 220தான்.

ஆகவே கழித்தல் முறை வழக்கத்துக்கு வந்தது. அறுப்பதற்கு முன் அல்ட்ராசவுண்ட் பேக்கிமீட்டரின் முனையைக் கருவிழி நடுவில் வைத்து ஓர் அளவு. மடலைத் திருப்பியதும் படுகையில் இன்னோர் அளவு. இரண்டின் வித்தியாசமே மடல். கேட்பதற்குச் சுலபம். ஆனால் முனை சற்றுச் சாய்ந்தாலோ, முதலில் தொட்ட இடத்தைவிட்டு விலகினாலோ எண் மாறிவிடும். திறந்து கிடக்கும் படுகை விளக்கொளியில் நொடிக்கு நொடி உலரும். தாமதித்து அளந்தால் படுகை மெலிந்தும், அந்தக் கழித்தலில் மடல் தடித்தும் தெரியும்.

அளப்பதும் அறுப்பதும் அடுத்தடுத்து மாறின. கார்னெல் பல்கலைக்கழகக் குழுவின் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட், மடலை அடுக்கடுக்காகக் காட்டியது. 1991இல் அறிமுகமான ஓசிடி, கண்ணைத் தொடாமலேயே ஒளியால் குறுக்குவெட்டுப் படம் எடுத்தது. நடுப்புள்ளியை மட்டும் தொட்ட பேக்கிமீட்டருக்குப் பிடிபடாத ஒன்று இதில் தெரிந்தது: பிளேடு அறுத்த மடல்கள் பல, நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரான் கர்ட்ஸும் டிபோர் யூஹாஸும் வளர்த்தெடுத்த ஃபெம்டோசெகண்ட் லேசர், 2000களின் தொடக்கத்தில் பிளேடையே ஓரங்கட்டத் தொடங்கியது. கண்ணாடியால் கருவிழியைத் தட்டையாக அழுத்தி, குறித்த ஆழத்தில் நுண்குமிழிகளை வரிசையாக உண்டாக்கி அது மடலைப் பிரிக்கிறது. மடல் சீராக அமைந்தது. 100 முதல் 120 மைக்ரான் வரை திட்டமிடுவது சாதாரணமானது.

அளவெடுக்காமல் அறுபட்ட பழைய மடல்களையும் ஓசிடி விடவில்லை. மடலுக்கும் படுகைக்கும் இடைப்பட்ட கோடு பல ஆண்டுகள் கழித்தும் படத்தில் தெரிவதுண்டு. பவர் திரும்பிவந்து மறுசிகிச்சை கேட்பவருக்கு, அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை மைக்ரான் மிஞ்சியிருக்கிறது என்று அளந்த பிறகே மருத்துவர் பதில் சொல்கிறார்.