பதினெட்டு வயதும் ஒரு பிறப்புப் பத்திரமும்

தோட்டத்து வீடு யாருக்குச் சொந்தம்? குடியிருந்தவர்களுக்கு இல்லை, வேலைக்குத்தான் சொந்தம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை இருக்கும். பெயர் நீங்கினால் கூரையும் நீங்கும். மலாக்கா தோட்டப்புறங்களில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் கதையைப் பேச வேண்டுமானால், இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலாயாவில் ரப்பர், வியாபாரப் பயிராக வேர் விட்டதே மலாக்காவில்தான். 1896 இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் காடு விலக விலக லயங்கள் முளைத்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு முதல் எதிரி மலேரியாக் காய்ச்சல். காய்ச்சலுக்குத் தகப்பனும் பிரசவத்தில் தாயும் போய்விட்ட பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியோ சித்தப்பனோ எடுத்து வளர்த்தார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. "இது அவங்க வளர்ப்புப் பிள்ளை" என்று லயமே சொன்னால் போதும்.

அந்தப் பிள்ளை வாழ்க்கைக்குத் தயாரான விதம் வேறு. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பெயருக்குப் பள்ளி இருந்தது. விடிந்தால் வளர்ப்புத் தாயோடு மங்கு துடைப்பதும் கோட்டுப்பால் பொறுக்குவதும் அதைவிட நிச்சயமான பாடமாக இருந்தன. கை பழகியதும் உளி, தனி நிரை, செக்ரோலில் பெயர். அன்றோடு அவன் பெரிய மனிதன். வளர்த்தவர்களிடம் அன்பு இருந்தது. அதோடு ஓர் ஆள் கூலி கூடுகிறது என்ற கணக்கும் இருந்தது. அந்த வறுமையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உளியைத் தவிர வேறு எதையும் அந்த வளர்ப்பு கையில் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த ஏற்பாடும் உடைந்தது. 1942 க்கும் 1943 க்கும் இடையில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் திரும்பவில்லை. ஒரு லயத்தில் நாலைந்து வீடுகளில் ஆண் துணையே இல்லை என்றால், யார் யார் பிள்ளையை எடுத்து வளர்ப்பது? தோட்டத்தால் தாங்க முடியாததை அமைப்புகள் தாங்க வேண்டிய காலம் வந்தது. சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜம், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1961 இல் அவர் மறைந்த பின் அன்னை மங்களம் அதைக் கட்டிக் காத்தார். 2023 இல் அவரும் மறைந்தார். மொன்ட்ஃபோர்ட் சகோதரர்கள் 1959 இல் தொடங்கிய சிறுவர் நகரம் ஏழைப் பையன்களுக்குக் கைத்தொழில் கற்றுத் தந்தது. மலாக்காவிலும் அவர்களின் இளைஞர் மையம் உண்டு. படிப்பு ஏறாத பையனுக்கும் ஒரு தொழில் ஏறும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலரைக் கரை சேர்த்திருக்கிறது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்து பெரண்டாமில் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலை பட்டணத்துக்குப் போனது, பிள்ளைகளும் போனார்கள். செக்ரோல் இருந்த இடத்தில் அடையாளக் கார்டு வந்து உட்கார்ந்தது.

இங்கேதான் பழைய லயத்து வழக்கம் பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுத்தது. முறைப்படி பிள்ளை எடுக்க 1952 இலேயே இரண்டு சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் "வளர்ப்புப் பிள்ளை" என்று சொன்னால் போதும் என்றிருந்தவர்கள் எத்தனை பேர் பதிவு செய்யப் போயிருப்பார்கள்? 1962 செப்டம்பருக்குப் பிறகு, நாட்டில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைக்காது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு மாறியது. 1982 மார்ச்சில் திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின், கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையைத்தான் பெறும். தகப்பன் மலேசியன், ஆனால் தாய்க்கு முறையான பத்திரம் இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை. தாலி கட்டிய அன்று பதிவு அலுவலகத்துக்குப் போகாத ஒரு நாள் அலட்சியம், மகன் வேலைக்குப் போகும் வயதில்தான் வெளியே தெரிகிறது.

எண்ணிப் பாருங்கள். 2001 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி பதினெட்டு வயதோடு பாதுகாப்பு முடிகிறது. இல்லம் அவனுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் பஸ் ஏறவும் சம்பளத்தைப் பங்கு போட்டுச் செலவழிக்கவும் சொல்லித் தந்திருக்கலாம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாளக் கார்டு இல்லையென்றால், வங்கிக் கணக்கு தொடங்குவதே பெரும்பாடு. மோட்டார் லைசென்ஸ் எடுக்க வழியில்லை. ஊழியர் சேமநிதியோடு கூடிய ஒழுங்கான வேலை கிடைப்பதும் குதிரைக்கொம்பு. அலோர் காஜாவிலேயே அரசாங்கத்தின் இளைஞர் தொழிற்திறன் பயிற்சிக் கழகம் இருந்தும் அவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டுக்காரன் கட்டணம் கேட்பார்கள். உளி பிடித்த தாத்தாவுக்காவது செக்ரோலில் பெயர் இருந்தது!

வழி அடியோடு மூடிவிடவில்லை. பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கில், பெற்றவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவன் குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றவர்களுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு இருக்கிறது. விசேஷ சூழ்நிலையில் அரசாங்கம் 21 வயதுக்குட்பட்ட ஒருவரைக் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்றது அந்தப் பிரிவு. இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகும் மூன்று ஆண்டு அவகாசம் அதில் இருந்தது.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்த 21 ஐ 18 ஆகக் குறைத்தது. அதே திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களின் நெடுநாள் குறையைத் தீர்த்தது என்பதும் உண்மை. அந்த மகிழ்ச்சியில் இந்த வயது மாற்றம் பலர் கண்ணில் படவில்லை. இல்லத்தை விட்டு இறங்கும் வயதும் விண்ணப்பம் போடும் கடைசி வயதும் அதில் ஒன்றாகிவிட்டன.

ஆகவே பிள்ளையை வாழ்க்கைக்குத் தயார்படுத்தும் வேலை பதினேழு வயதில் தொடங்கும் வேலை அல்ல. பிள்ளை வந்து சேர்ந்த வாரத்திலேயே பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். பெற்றவர்களின் திருமணப் பதிவு, தாயின் அடையாளக் கார்டு எண், பிறந்த மருத்துவமனை, பிரசவம் பார்த்த தோட்டத்து மருத்துவச்சி என்று ஒவ்வொன்றையும் தேடி எழுதி வைக்க வேண்டும். தோட்டம் மூடிய பின் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. விண்ணப்பம் போட்டால் பதில் வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இன்று ஓர் இல்லத்தில் பதினாறு வயதில் பத்திரமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு, அந்தத் திருத்தப்படி மிச்சமிருப்பது இரண்டு ஆண்டுகள்.