அடைக்கல ஊர்கள்



1799-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் நிகழ்ந்தது யாது என்று வினவினால், கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை நீங்கள் உடனே கூறுவீர்கள். அதே ஆண்டில், அதே சீமையின் தென்கோடியில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. இருக்க இடமின்றித் தவித்த 28 ஏழை மக்கள், சாத்தான்குளத்துக்கு அருகே ஒரு மணற்காட்டில் சிறு நிலம் பெற்றுக் குடியேறினர். அவ்வூருக்கு ‘முதலூர்’ என்று பெயரிட்டனர். முதல் நிகழ்ச்சியைப் பாடநூல்கள் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றி இன்று நான் பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வரலாற்று வகுப்பில் இச்செய்தியை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அவர்கள் கடவுளைத் தேடி வந்தார்களா, வீட்டைத் தேடி வந்தார்களா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் உடனே வரவில்லை. அன்று நான் கூற இயலாத விடையை இன்று கூற முயல்கிறேன்.

அக்காலத்து மக்களின் நிலையை முதலில் மனக்கண்முன் நிறுத்துவோம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதி, செம்மணல் படர்ந்த தேரிக்காடு. நெல் விளையாத அந்நிலத்தில் பனையே மக்களுக்கு உயிர். பனையேறுவோர் விடியுமுன் எழுந்து, நாள்தோறும் காலையும் மாலையும் பல மரங்களில் ஏறி இறங்குவர். இறக்கிய பதனீரை வீட்டுப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். பதனீர் சுரப்பதோ ஆண்டில் சில திங்களே. எஞ்சிய காலத்தை ஓட்ட வணிகரிடம் முன்பணம் பெறுவர். அடுத்த பருவத்துக் கருப்பட்டி அக்கடனுக்கே போகும். ஏறிய மரமும் பலருக்குச் சொந்தமன்று. குடிசை நின்ற மனையும் சொந்தமன்று. நிலத்துக்கு உடையவர் ‘போ’ என்றால் போகவேண்டியதுதான்.

இத்தகைய மக்களிடையே கிறிஸ்தவ சமயம் பரவியது எவ்வாறு? பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் அம்மையார் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40 மட்டுமே. 1785-இல் அங்கே கோயில் ஒன்று எழுந்தது. தஞ்சையில் 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்னும் தமிழர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த உபதேசியார் தாவீது சுந்தரானந்தம். இவர் சாத்தான்குளத்துப் பகுதியிலேயே பிறந்தவர். தம் உறவினரிடமே சென்று, அவர்கள் பேசும் பேச்சிலேயே அவர் உபதேசித்தார். அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தோர் பலர்.

செவிசாய்த்ததன் விலை பெரிது. புதிய சமயத்தைத் தழுவியோர் மனைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பனையோலை வேய்ந்த செபக்கூடங்கள் தீக்கிரையாயின. ஊர்க்கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது. வறுமையோடு வீடின்மையும் சேர்ந்தது. இந்நிலையில் உபதேசியார் என்ன செய்வது? ‘கடவுள் காப்பார்’ என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நிலம் ஒன்றைத் தேடினார். பாளையங்கோட்டையில் இருந்த ஆங்கிலப் படையதிகாரி ஒருவர் பொருளுதவி செய்ய, மனை வாங்கப்பட்டது, கிணறு வெட்டப்பட்டது, ஓலைக்கூரையில் ஆலயம் எழுந்தது. முதலூர் பிறந்த கதை இதுவே.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அடைக்கலப் பட்டணங்கள் 6 சொல்லப்படுகின்றன. அறியாமற் கொலை செய்துவிட்டவன் பழிவாங்குவோன் கைக்குத் தப்பி ஓடிப் புகுவதற்காக அமைந்தவை அவை. கடவுளையே அடைக்கலமாகவும் கோட்டையாகவும் பாடும் சங்கீதங்களும் பல. தேரிக்காட்டு மக்கள் இவற்றைக் கேட்டபோது, அவை பழங்கதையாகத் தோன்றவில்லை. அடைக்கலம் என்னும் சொல்லுக்கு அவர்கள் வாழ்வில் கிணறும் கூரையும் பொருளாயின.

முதலூரைத் தொடர்ந்து வேறு ஊர்களும் எழுந்தன. பாளையங்கோட்டை வணிகர் சாமுவேல் சாயர் 1814-இல் வாங்கி உதவிய நிலத்தில் சாயர்புரம் உருவாயிற்று. பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அளித்த நன்கொடையால் 1827-இல் டோனாவூர் எழுந்தது. மெய்ஞ்ஞானபுரம், ஆசீர்வாதபுரம், ஆனந்தபுரம், பிரகாசபுரம், கடாட்சபுரம் என்னும் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊரார் தாம் நம்பியதையே தம் ஊருக்குப் பெயராக இட்டனர்.

தனியொருவர் கொடையை நம்பி எத்தனை ஊர்களை அமைக்க முடியும்? 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இதனை உணர்ந்தார். இவர் தமிழிலக்கணம் எழுதியவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தவர். 1830-இல் ‘தரும சங்கம்’ என்னும் அமைப்பு இவர் காலத்தில் தோன்றியது. வீடிழந்த கிறிஸ்தவர்க்கு மனையும் நிலமும் வாங்கிக் கொடுப்பதே அதன் நோக்கம். உபதேசிமாரும் சபையாரும் தம் சிறு வருவாயிலிருந்து அதற்குக் கொடுத்தனர். நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தமையால், எந்த உடையவரும் ஏழையை எளிதில் வெளியேற்ற இயலவில்லை. அந்நாளில் ஏழைக்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறு உண்டோ?

ஆயினும் இவ்வூர்கள் வெறும் குடியிருப்புகள் அல்ல. நேரான தெருக்கள், நடுவே ஆலயம், அதனை அடுத்துப் பள்ளி என்று அவை அமைந்தன. காலையும் மாலையும் மணியடிக்கும், மக்கள் கூடுவர், உபதேசியார் வேதம் வாசித்துச் செபிப்பார். ஒருவன் வீட்டுத் துன்பம் அங்கே ஊரறிந்த துன்பமாயிற்று. சிறுவரோடு சிறுமியரும் எழுத்தறிந்தனர். எழுத்தறிந்தவன் கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறிந்தான். சமயம் தந்த வழிகாட்டல் மறுமைக்கு மட்டும் உரியதாக நில்லாமல், கணக்கேட்டிலும் வழிகாட்டியது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. ஊர் சபைக்குரியதாயிருந்தமையால், குருவானவர் சில இடங்களில் ஊர்த்தலைவராகவும் ஆனார். ஏழைக்குப் பழைய உடையவர் போய்ப் புதிய உடையவர் வாய்த்ததுபோல் ஆகும் இடர் அதில் இருந்தது. தனியூர் அமைத்தமையால் உறவும் அயலும் பிரிந்தன. பகையும் ஓயவில்லை, 1845-இல் நல்லூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர் வீடுகள் தாக்கப்பட்டன. மேலும், சேர்ந்தோர் அனைவரும் நிலைத்தாரல்லர். 1802, 1803 ஆகிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சில திங்களில் திருமுழுக்குப் பெற்றனர். அடுத்து வந்த ஆண்டுகளில் போதகர் இல்லை, 1811-இல் கொள்ளைக் காய்ச்சல் பரவியது, பலர் விலகினர். 1877-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்திலும் பல்லாயிரவர் திரண்டு வந்தனர். அவர்கள் சோற்றுக்காக வந்தனர் என்ற பழிச்சொல் அன்றே எழுந்தது.

இப்போது அம்மாணவனின் வினாவுக்கு வருகிறேன். கடவுளைத் தேடினரா? வீட்டைத் தேடினரா? பசித்தவனின் மன்றாட்டிலிருந்து உணவைப் பிரித்தெடுக்க நம்மால் இயலாது. கிறிஸ்து தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டிலேயே அன்றாட உணவு கேட்கப்படுகிறதன்றோ? முதலூரின் 28 பேரைப் பொறுத்தவரை, வீட்டுக்காகச் சமயம் மாறினர் என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. சமயத்தைத் தழுவியதனால் அன்றோ அவர்கள் வீட்டை இழந்தனர்! மற்றையோரின் உள்ளத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. ஆனால் வரலாற்று மாணவன் ஒன்றைச் செய்யலாம். உதவி பெற்றவர் பின்னாளில் என்ன செய்தனர் என்று நோக்கலாம்.

என் இளமையில் நான் கண்டதொன்று உண்டு. என் பாட்டியார் உலையில் அரிசி இடுமுன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு சிறு பானையில் இடுவார். அது கோயிலுக்குரிய கைப்பிடியரிசி. வீட்டில் அரிசி குறைந்த நாளில் அவர் தம் பங்கைக் குறைப்பாரேயன்றி, அக்கைப்பிடியைக் குறைத்ததை நான் பார்த்ததில்லை. “நமக்கும் ஒரு காலத்தில் பிறர் கொடுத்ததுதானே” என்பார்.

இத்தகைய கொடைகளைத் திரட்டியே நெல்லைச் சபையார் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். இந்திய மக்களின் பணத்தைக்கொண்டு, இந்திய ஊழியரையே அனுப்புவது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதியில் வாழ்ந்த ஏழை மக்களிடையே அச்சங்கம் பணிபுரிந்தது. அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் தேரிக்காட்டைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இருக்க இடமின்றி அலைந்த 28 பேர் முதலூரில் குடியேறி நூறு ஆண்டுகள் சென்றபின், அச்சீமையின் மக்கள் பிற நாட்டு ஏழைகளுக்குத் துணைபுரியப் புறப்பட்டனர்.

மாணவ நண்பர்களே! உங்களுள்ளும் வாடகை கொடுக்க இயலாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருவோர் இருக்கலாம். தந்தையின் கடனை எண்ணி உறக்கம் வாராதோர் இருக்கலாம். அன்னோர்க்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் துன்பத்தைத் தனியே சுமக்காதீர்கள். நம்பத்தக்க ஆசிரியரிடம், பெரியவரிடம், நீங்கள் வழிபடும் இடத்தாரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். முதலூர் மக்கள் தம் துன்பத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருந்தால் முதலூர் தோன்றியிராது. துன்பமில்லாத ஏனையோரே, உங்களிடம் ஒருவன் வந்து சொன்னால், இனிய மொழியோடு நின்றுவிடாதீர்கள். ஆறுதல் சொன்ன தாவீது சுந்தரானந்தம் அடுத்து நிலம் தேடப் புறப்பட்டார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.